கேமராவோடு தென்காசிக்கு

ஓர் ஊரின் கோயில், தெரு, தொழில், திருவிழா ஆகியவற்றைப் படம் பிடித்து, குறிப்போடு சேர்த்து வைப்பது பண்பாட்டு ஒளிப்படக் கலை. பழைய ஊர் ஒன்றில் சில நாள் தங்கி இதைக் கூட்டாகப் பயிலும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 1988-ல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த, கியூபாவின் திரினிடாட் நகருக்கு இதற்கென்றே பலர் போகிறார்கள். தமிழ்நாட்டில் அப்படிப் பயில ஏற்ற இடம் தென்காசியும் அதை ஒட்டிய குற்றாலமும்.

இந்தக் கலைக்கு இங்கே வயது அதிகம். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, சில ஆண்டுகளிலேயே ஒளிப்படமும் கற்பித்தது. 1856-ல் சென்னை ஒளிப்படச் சங்கம் பிறந்தது. ஒளிப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிச் சென்று, 1858-ல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தார். இன்று கைப்பேசியே போதும், பொறுமைதான் கிடைப்பதில்லை.

பயிற்சி தொடங்க வேண்டிய இடம் காசி விசுவநாதர் கோயில். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டியது. கோபுரம் கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெயில்தான் அதற்கு உகந்தது. சாரல் நாட்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் காற்று, கோபுர வாசலில் நுழைபவரைத் தள்ளும். முக்காலியில் ஏற்றிய கேமராவும் ஆடும். முக்காலியின் நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும்.

கோயிலுக்குள் வேறு பாடம். தமிழகக் கோயில்களில் கைப்பேசியைத் தடை செய்யச் சொல்லி, உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கேமராவுக்கு நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் கண்ணால் பார்த்துக் கையால் வரைந்துகொள்ளலாம். வீரபத்திரர், ரதி, மன்மதன் சிலைகளை அரைமணி நேரம் நின்று பார்த்து வரைந்தவருக்கு, நூறு படம் எடுத்தவரைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

குற்றாலத்தின் சித்திரசபையில் நடராசரே சுவர் ஓவியம். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் இது ஒன்று. குற்றாலநாதர் கோயிலுக்கு வெளியே, தெப்பக்குளத்தருகே தனியாக நிற்கிறது. மூலிகை வண்ணத்தில் தீட்டிய ஓவியங்கள் இருக்கும் இத்தகைய இடத்தில், அனுமதி கிடைத்தாலும் பிளாஷ் கூடாது. பளிச்சென்ற ஒளி பழைய வண்ணத்துக்குப் பகை.

குற்றால அருவியைப் படமெடுக்க ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான சீசன் ஏற்றது. அரை நொடி ஷட்டர் திறந்திருந்தால் தண்ணீர் பட்டுத்துணிபோல விழும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் துளித்துளியாக உறையும். லென்ஸில் படியும் சாரலைத் துடைக்க உலர்ந்த பருத்தித் துணி இரண்டு மூன்று அவசியம். ஆனால் பேரருவியில் குளிப்பவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருப்பதே நாகரிகம். கூட்டம் சேருமுன், விடியலில் பாறையையும் அதில் செதுக்கிய லிங்கங்களையும் எடுக்கலாம்.

மூன்றாவது இடம், தென்காசிக்கு அருகே உள்ள சுந்தரபாண்டியபுரம். ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி வயல்களைத் தேடி ஊரே திரண்டு வருகிறது. வயலில் இறங்குவதற்கு முன் உழவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மிதிபடுவது அவருடைய விளைச்சல்.

மாலையில் செய்ய வேண்டியது குறிப்பு எழுதும் வேலை. இதைத்தான் பலரும் தட்டிக் கழிக்கிறார்கள். இடம், நாள், நேரம், படத்தில் இருப்பவர் செய்யும் தொழில், அதற்கு ஊரார் வழங்கும் பெயர் ஆகியவை இல்லாத படம் இருபது ஆண்டில் வெறும் அழகுப்படமாகிவிடும். தென்காசிக் கோபுரமே இதற்குச் சான்று. நெடுங்காலம் சிதைந்து நின்ற அது, 1990-ல்தான் சுமார் 180 அடி உயரத்தில் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அதற்கு முந்தைய தோற்றம் இன்று பழைய படங்களில்தான் உண்டு. வீட்டு ஆல்பத்தில் அப்படி ஒரு படம் வைத்திருக்கும் நேயர்கள், அதன் பின்புறத்தில் ஆண்டையும் அதில் நிற்பவர்களின் பெயரையும் பென்சிலால் எழுதி வைக்கட்டும்.