முழுப் பேர் விழுந்தால்தானே சம்பளம்!



2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1700 வந்தது; அதற்கும் வழக்கு, இடைக்காலத் தடையுத்தரவு. செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது. எதையும் யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை, ரோட்டில் இறங்கித்தான் வாங்கினோம்.

ஆனால் அந்த 1350 கைக்கு வந்ததா? என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் அம்மா சம்பளச் சீட்டோடு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "டீச்சர், இருபத்திரண்டு நாள் மலைக்குப் போனேன், காசு குறையுதே" என்றார். பார்த்தால், எட்டு நாள் அரைப் பேர்! கொழுந்து இல்லாத மாதத்திலும் அதே கிலோ கேட்டிருக்கிறார்கள். நாலு நாள் சம்பளம், 5400 ரூபா, போயே போய்விட்டது. அட்டைக்கடியில் நின்றது மட்டும் முழு நாள்.

அதனால் இந்தமுறை தொகையை மட்டும் கேட்டால் போதாது. எட்டு மணித்தியாலம் மலையில் நின்றால் கிலோ எவ்வளவானாலும் முழுப் பேர் போட வேண்டும். சம்பள நிர்ணய சபைக்கு எழுதும் மனுவில் இதுதான் முதல் கோரிக்கை.

வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது, சீட்டு வேண்டும். மூன்று மாதச் சீட்டுகளைத் தேடி எடுங்கள், கசங்கியிருந்தாலும் பரவாயில்லை. ஞாயிறு பின்னேரம் கோயிலடியில் இருப்பேன். படிவத்தை நானே நிரப்பித் தருகிறேன்.