கடை வாசலில் நம் சைக்கிளுக்கும் ஓர் இடம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று மாதாமாதம் பேசுகிறோம். இன்னைக்கு சைக்கிள் நிறுத்துகிற இடத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிலருக்குச் சிரிப்பு வரலாம். சிரிங்க, ஆனா கேட்டுட்டுச் சிரிங்க.

சைக்கிள் என்பது நம் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்குச் சாதாரணப் பொருள் இல்லை. 1991-ல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி அடித்து, புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. இதையெல்லாம் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கேலி பேசினவங்க பேசினாங்க. நம் பெண்கள் ஓட்டினாங்க.

ஓட்டுகிற உரிமை வந்துவிட்டது. நிறுத்துகிற இடம் வந்ததா?

கடைத்தெருவுக்குப் போனால் என்ன நடக்கிறது? மளிகைக் கடை வாசலில் நிறுத்தினால், "அம்மா, வண்டியை அந்தாண்ட தள்ளுங்க" என்கிறார்கள். அந்தாண்ட சாக்கடை. இந்தாண்ட மோட்டார் சைக்கிள் வரிசை. ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து வைத்தால், ஒன்றை எடுக்கும்போது நாலு விழும். கைப்பிடி வளையும், மட்கார்டு நெளியும். நம் சைக்கிளில் பின்சக்கரத்தை மட்டும் பூட்டுகிற பூட்டுதான் பெரும்பாலும் இருக்கிறது. அப்படியே தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்வது? இந்தப் பயத்தில் சாமான் வாங்கும்போதே பாதிக் கண் வாசலில் இருக்கிறது.

2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல விஷயம். ஆனா ஊருக்குள்ளிருந்து மெயின் ரோட்டுக்கு வர சைக்கிள் வேணும். அங்கே டீக்கடை ஓரம் விட்டுட்டு பஸ் ஏறினால், சாயங்காலம் வரை அது பத்திரமாக இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன ஆகும்? "யாராவது கொண்டுபோய் விடட்டும்" என்று வீட்டு ஆம்பளைங்க வரும்வரை மறுபடியும் காத்திருப்போம். அங்கேதான் நமக்கு நஷ்டம்.

நாம் கேட்பது பெரிய கட்டடம் இல்லை. தலைகீழாகக் கவிழ்த்த 'ப' மாதிரி வளைத்த ஓர் இரும்புக் குழாய். தரைக்கு மேல் இரண்டரை அடி உயரம் இருக்கட்டும். கால் இரண்டையும் ஓர் அடி ஆழத்துக்குக் காங்கிரீட்டில் ஊன்ற வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள் நிற்கும். சைக்கிளின் உடம்பையும் சக்கரத்தையும் சேர்த்துக் குழாயோடு சங்கிலி போட்டுப் பூட்டலாம். நம்ம ஊர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துவிடலாம். முன்சக்கரத்தை மட்டும் செருகுகிற சின்னக் கம்பி ஸ்டாண்டு வேண்டாம் என்று சொல்லுங்க. சைக்கிள் சாய்ந்தால் அதில் ரிம் வளைந்துவிடும். ஒரு குழாய்க்கும் அடுத்ததுக்கும் மூன்றடி இடைவெளி விடணும். வெளிச்சம் விழுகிற, கடைக்குள்ளிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடமாக இருக்கணும். வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் நடக்கிற வழியை அடைக்கக் கூடாது.

கடைக்காரருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பார்கள். ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டு, பத்து சைக்கிள் நிற்கும். காரில் வருகிறவர் ஒரு வாடிக்கையாளர். இங்கே எட்டு, பத்துப் பேர். சைக்கிள் பத்திரமாக இருந்தால் அவசரப்படாமல் நின்று வாங்குவோம். வாசலில் சைக்கிள் தாறுமாறாகக் கிடக்கிற தொல்லையும் அவருக்குக் குறையும். இதைச் சண்டையாக இல்லாமல் கணக்காகச் சொல்லுங்க. கணக்கு எழுதுவது நமக்குப் புதிதா என்ன?

எப்படிக் கேட்பது? தனியாகப் போய்க் கேட்டால், "பார்க்கலாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். குழுவாகப் போவோம். முதலில் ஒரு சந்தை நாளில் கடைத்தெருவில் எத்தனை சைக்கிள் நிற்கிறது, எந்தக் கடை முன்னால் நிற்கிறது என்று எண்ணி எழுதுங்க. அடுத்து, குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்க. அந்தத் தீர்மான நகலோடு நாம் அதிகம் வாங்குகிற மூன்று கடைகளுக்கு மட்டும் முதலில் போவோம். ஒருத்தர் வைத்துவிட்டால் மற்றவர் தானாக வைப்பார்.

கடைக்குச் சொந்த இடம் இல்லாமல் ரோட்டோரம்தான் இருக்கிறது என்றால் நாமாகக் குழி தோண்டக் கூடாது. அனுமதி வேணும். ஊராட்சி என்றால் ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்து, கிராம சபையிலும் பேசுங்க. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூடுகிறது. பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம் மனு. மனு கொடுத்ததற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்காமல் திரும்பாதீங்க.

நம் பங்கும் உண்டு. ஸ்டாண்டு வந்த பிறகு வாசலை மறித்து நிறுத்தக் கூடாது. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகணும்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் சைக்கிள் எண்ணிக்கையையும் தீர்மான நகலையும் கொண்டு வர வேண்டும். எந்த மூன்று கடை என்பதை அன்றைக்கே முடிவு செய்வோம்.