மலையில் பிறந்த மின்சாரம்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழும்பில் எரிகிற விளக்குக்கும் நம் மலைக்கும் உள்ள உறவைப் பற்றி இன்று பேசுவோம்.

மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துச் சொன்னார். பல ஆண்டுகள் இழுபட்டு, 1950இல்தான் லக்ஷபான மின்நிலையம் இயங்கியது. 1956க்குப் பிறகு, பெரிய கைத்தொழில்களை அரசே நடத்த வேண்டும் என்பது கொள்கையானது. ஒருவலையில் உருக்கு, களனியில் டயர் என்று கூட்டுத்தாபனங்கள் எழுந்தன. இயந்திரம் ஓட மின்சாரம் வேண்டுமே? எண்ணெயும் நிலக்கரியும் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். ஆகவே அரசு தண்ணீரை நம்பியது. 1965இல் விமலசுரேந்திர மின்நிலையம், 1969இல் பொல்பிட்டிய, 1974இல் புதிய லக்ஷபான. 1969இலேயே இலங்கை மின்சார சபையும் அமைந்தது.

காசல்ரீயிலிருந்து இறங்கும் தண்ணீர் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றி, நோட்டனில் தேங்கி, பழைய லக்ஷபானவைச் சுழற்றி, மறுபடி தேங்கி, பொல்பிட்டியவையும் சுழற்றிவிட்டுத்தான் கீழே போகிறது. ஒரே தண்ணீருக்கு மூன்று இடத்தில் வேலை!

இதில் நம் பங்கு என்ன? நீர்த்தேக்கங்களுக்காகத் தேயிலை மலைகள் மூழ்கின. பழைய மஸ்கெலியா நகரமே மவுசாக்கலை நீருக்குள் போனது. தண்ணீர் வற்றினால் கோயில் இன்றும் தலைகாட்டுகிறது. அணைக்கும் ஆலைக்கும் இயந்திரம் வாங்கிய அந்நியச் செலாவணியில் பாதிக்கு மேல் தேயிலை தந்தது. அது நம் தாய்மார் பறித்த கொழுந்து.

ஆனால் அந்தக் கொள்கை வகுக்கப்பட்டபோது நம்மிடம் கேட்க யாரும் இல்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் நம்மவரில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்திருந்தன. தேயிலைத் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் வந்த மின்சாரம் லயத்துக்கு வரப் பல பத்தாண்டுகள் எடுத்தன. அதுவரை நம் பிள்ளைகள் குப்பி விளக்கில்தான் படித்தார்கள்.

நாடு தொழில் வளர்த்தது தவறென்று நாம் சொல்லவில்லை. சுமையைப் பங்கிட்டவர்கள் பலனையும் பங்கிட வேண்டும் என்கிறோம்.

இன்றும் சில லயங்களில் பல வீடுகளுக்கு ஒரே இணைப்பு. பட்டியல் நம் பெயரில் வருவதில்லை. பெயரில் பட்டியல் இல்லாவிட்டால் முகவரிக்கு அத்தாட்சி காட்டவும் திண்டாட்டம். ஆகவே நம் கோரிக்கை இதுதான்: ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மானி, குடும்பத்தாரின் பெயரிலேயே பட்டியல். தோட்டக் கமிட்டித் தலைவர்மாரும் தலைவிமாரும் லயம் லயமாகப் போய், தனி மானி இல்லாத வீடுகளை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போவோம்.