உரைகல் இல்லாத கணிப்பு

(மாணவர் ஆய்வு மன்றம் ஒன்றில் நிகழ்த்திய உரை)



அடுக்கடுக்கான பொருள்களுள் ஒளி எவ்வளவு உட்கவரப்படுகிறது என்று கணிக்கும் இருவகை முறைகளை ஒப்பிட்டுப் பேசுமாறு பணித்துள்ளீர்கள். ஒன்று பகுப்பு முறை; வாய்பாட்டால் விடை காண்பது. மற்றொன்று எண்வழி முறை. இடத்தைச் சிறுசிறு கட்டங்களாக வெட்டிக் கணிப்பொறியால் விடை காண்பது. இவற்றுள் எது உயர்ந்தது என்று கேட்பது, முழக்கோல் உயர்ந்ததா துலாக்கோல் உயர்ந்ததா என்று கேட்பதை ஒக்கும். எதை எங்கே நம்புவது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கதிரொளி மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். சிலிக்கான் எனப்படும் மண்ணியத்துள் 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளி புகுந்தால், 1 மைக்ரோமீட்டர் ஆழத்திற்குள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு உட்கவரப்பட்டுவிடும். 1000 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளிக்கோ, அதே அளவு உட்கவர 150 மைக்ரோமீட்டருக்கு மேல் வேண்டும். இதைச் சொல்வது பீர்–இலாம்பர்ட்டு நெறி. ஒற்றை வரி வாய்பாடு. தடித்த பொருளுக்குப் போதுமானது.

ஆனால், அடுக்கின் தடிப்பு அலைநீளத்தினும் குறைந்தால் இந்நெறி பிழைபடும். கரணியம் என்ன? ஒவ்வோர் எல்லையிலும் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் குறுக்கிடுகின்றன. இக்குறுக்கீட்டை முழுமையாகக் கணக்கில் கொள்வது பரிமாற்ற அணி முறை. அதை அபெலே என்னும் அறிஞர் 1950இல் வகுத்தளித்தார். 1999இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கரிமப் பொருளாலான மின்கலங்களுக்கு இதைப் பயன்படுத்தினர். பின்புறத்து மாழைக்கு அருகே ஒளியலை ஏறத்தாழ அடங்கிவிடுவதால், உட்கவரும் அடுக்கை எங்கே வைப்பது என்பதே கலத்தின் திறனை மாற்றும் என்பது அக்கணிப்பால் தெளிவாயிற்று. தட்டையான, இணையான அடுக்குகளுக்கு இம்முறை துல்லியமானது, நொடியில் முடிவது. அதனினும் பெரிய நன்மை, விடையோடு அதன் கரணியத்தையும் அது காட்டுகிறது.

அடுக்கு தட்டையாக இல்லாவிட்டால்? ஒளியைச் சிறைப்படுத்துவதற்கென்றே மின்கலத்தின் மேற்பரப்பில் நுண்ணிய கூம்புகளையும் பள்ளங்களையும் அமைக்கிறார்கள். அங்கே பரிமாற்ற அணி கைவிட்டுவிடும். எண்வழி முறையே துணை. மாக்சுவெலின் சமன்பாடுகளைக் கட்டம் கட்டமாகவும் நொடிக்கூறு நொடிக்கூறாகவும் தீர்க்கும் வழியை யீ என்பார் 1966இல் காட்டினார். எவ்வடிவமாயினும் இது தளராது. ஆனால் விலை உண்டு. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும். காலக்கூறும் பாதியாவதால் வேலை பதினாறு மடங்காகும்.

அவ்விலைக்கு அஞ்சி நான் செய்த பிழையை இங்கே மறைக்க விரும்பவில்லை. சிலிக்கானின் மேல், ஒளிவிலகல் எண் 2 உடைய 75 நானோமீட்டர்ப் பூச்சு, பின்புறத்தில் நுண்பள்ளங்கள். பூச்சற்ற சிலிக்கான் 600 நானோமீட்டர் ஒளியில் 35 விழுக்காட்டை எதிரொளித்து வீணாக்கும். பூச்சு அவ்விழப்பைத் தடுக்கும். வேலையைக் குறைக்கக் கட்டத்தின் பக்கத்தை 10 நானோமீட்டராக வைத்தேன். எதிரொளிப்பு மிகக் குறைந்த இடம் 640 நானோமீட்டரில் வந்தது. பள்ளங்களின் விளைவே இது என்று மகிழ்ந்து, கட்டுரையும் எழுதத் தொடங்கினேன்.

ஓர் இரவு ஐயம் எழுந்தது. பள்ளங்களை நீக்கி, தடித்த சிலிக்கானின் மேல் பூச்சை மட்டும் வைத்து, அதே கணிப்பை ஓட்டினேன். அப்போதும் 640! தாளெடுத்துக் கையால் கணித்தேன். தடிப்பையும் ஒளிவிலகல் எண்ணையும் பெருக்கி நான்கால் பெருக்கினால் 600 வரவேண்டும். பிழை எங்கே? 75 நானோமீட்டர் என்பது ஏழரைக் கட்டம். அரைக் கட்டத்தை அறியாத என் நிரல், அதை எட்டுக் கட்டமாக்கி 80 நானோமீட்டர்ப் பூச்சைக் கணித்திருக்கிறது. எண்பதை இரண்டாலும் நான்காலும் பெருக்கிப் பாருங்கள், 640! பள்ளங்களின் புதுமை என்று நான் கொண்டாடியது, கட்டங்களின் பிழை!

மாணவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். எதிரொளித்தது, உட்கவர்ந்தது, ஊடுருவியது ஆகிய மூன்றையும் கூட்டினால் ஒன்று வரவேண்டும் என்பர். என் கணிப்பிலும் ஒன்றே வந்தது! கணக்கில் தவறில்லை, நான் கேட்ட பொருள் ஒன்று, பொறி கணித்த பொருள் வேறொன்று. கூட்டுத்தொகை அதை எப்படிக் காட்டிக் கொடுக்கும்?

ஆகவே, வாய்பாட்டுக்கு எட்டாத வடிவத்தைக் கணிப்பொறியிடம் கொடுக்குமுன், வாய்பாட்டுக்கு எட்டும் தட்டை வடிவத்தை அதனிடம் கொடுத்து உரைத்துப் பாருங்கள். கட்டத்தைப் பாதியாக்கியும் விடை மாறவில்லையா என்று பாருங்கள். பிறகு நம்புங்கள். பொன்னை வாங்குவோர் உரைகல்லை விட்டுச் செல்வதில்லை. கணிப்பொறி எண்ணைத் தரும். அவ்வெண்ணுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் நாமே.