பொறிக்கு முன்னே முறை
(தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலமை மிக்கோர் பேசும் இம்மேடையில், பத்தாம் வகுப்பளவில் பயின்று இருப்புப்பாதைத் துறையில் எழுத்தராய் அமைந்த நமக்கும் ஓர் இடம் அளித்தமைக்குச் சங்கத்தார்க்கு நன்றி. நாம் அறிந்தது பதிவேடும் வரிசையுமே. ஆகவே அவற்றைக் குறித்தே சில சொல்ல விழைகிறோம்.

நம் குடியிருப்பில் கணிப்பொறிக் கல்வி பயின்ற பிள்ளைகள் பலர் உள்ளனர். மட்டாஞ்சேரிக் கடைவீதியில் சிறு தொழில் நடத்துவோர் இப்பிள்ளைகளை அணுகி, “வருவோர்க்கு நேரம் குறித்துக் கொடுக்க ஒரு மென்பொருள் செய்து தருக” என்று கேட்கின்றனர். தையற்காரர், முடிதிருத்துவோர், மூக்குக் கண்ணாடி விற்போர், பல் மருத்துவர் ஆகிய எல்லோர்க்கும் இத்தேவை உண்டு. கேட்பதும் நன்று, செய்து கொடுப்பதும் நன்று. ஆயினும் பணம் கொடுத்து வாங்கிய மென்பொருள் சில மாதங்களில் மூலையில் கிடக்க, பழைய நோட்டுப் புத்தகமே மீண்டும் மேசைமேல் ஏறுவதையும் நாம் காண்கிறோம். பொறியின் குறையா இது? பெரும்பாலும் அன்று. பொறிக்கு முன்னே வகுக்க வேண்டிய முறையை வகுக்காமையே காரணம்.

முறை என்னும் சொல் தமிழில் பல பொருள் தாங்கி நிற்பது. ஒழுங்கும் முறை, “இப்போது என் முறை” என்னும்போது வரிசையில் ஒருவர்க்குரிய இடமும் முறை, நீதியும் முறை, மாமன் முறை, அத்தை முறை என உறவும் முறை. ஒருவர்க்கு நேரம் குறித்துக் கொடுக்கும் சிறு செயலில் இந்நான்கும் கலந்துள்ளன. மணியையும் நிமிடத்தையும் மட்டும் பொறியில் ஏற்றுவோர் முதற்பொருளை மட்டும் கண்டு ஏனைய மூன்றையும் விட்டுவிடுகின்றனர்.

நாம் பணிபுரியும் துறையின் வரலாறே இதற்குத் தக்க சான்று. முற்காலத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனிப் பதிவேடு இருந்தது. அப்பதிவேடு எந்தச் சாளரத்தில் உள்ளதோ, அச்சாளரத்தில்தான் அவ்வண்டிக்கு இடம் கிடைக்கும். ஒரு சாளரத்தில் நீண்ட வரிசை நிற்க, அடுத்த சாளரத்து எழுத்தர் வாளா இருப்பதும் உண்டு. 1985ஆம் ஆண்டு நவம்பரில் புது டில்லியில் கணிப்பொறி முன்பதிவு தொடங்கியது. அடுத்த ஆண்டில் இத்தகைய பணிகளுக்கென ‘கிரிஸ்’ என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. 1994இல் செகந்தராபாத்தில் ‘கான்சர்ட்’ என்னும் புதிய மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. 1999 ஏப்ரலில் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைந்தன. 2002 ஆகஸ்டில் இணையவழிப் பதிவும் தொடங்கியது.

இவ்வரலாற்றில் கருதத்தக்கது ஒன்று உண்டு. பொறி புதிது, விதிகளோ பழையன. அவசரத்துக்கென ஒதுக்கும் இடம், காத்திருப்போர் பட்டியல், பயணத்தைக் கைவிட்டோர்க்குத் திருப்பித் தரும் தொகை என இவை யாவும் ஏட்டிலேயே எழுதப்பட்டிருந்தன. எழுதிய விதி இருந்தமையால்தான் அதனைப் பொறிக்குக் கற்பிக்க முடிந்தது. சிறு கடைகளிலோ விதி ஏட்டில் இல்லை. ஒருவர் மனத்தில் இருக்கிறது. அதனை வெளிக்கொணர்வதே மென்பொருள் செய்யப் புகும் இளைஞரின் முதற்பணி.

எடுத்துக்காட்டாக, நம் மட்டாஞ்சேரியில் ஒரு பல் மருத்துவ நிலையம் இருப்பதாகக் கொள்வோம். மருத்துவர் ஒருவர், நாற்காலி ஒன்று, முன்மேசையில் ஓர் அம்மையார், அவர் கையில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம். உரிமையாளர் சொல்லும் தேவை ஒரே வரியில் முடிந்துவிடும்: “எல்லோரும் கைப்பேசியில் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும்.” இளைஞர் இவ்வொரு வரியை நம்பி வேலை தொடங்கலாகாது. ஒரு கிழமை அந்நிலையத்து மூலையில் அமர்ந்து, யார் எப்பொழுது வந்தார், எப்பொழுது அழைக்கப்பட்டார், எப்பொழுது வெளியேறினார் என மூன்று நேரங்களைக் குறித்தல் வேண்டும். பின்னர் அந்நோட்டுப் புத்தகத்தில் உள்ள அடித்தல் திருத்தல்களையும், ஓரத்தில் இட்ட புள்ளிகளையும், சுழித்த வட்டங்களையும் அம்மையாரிடம் காட்டிப் பொருள் கேட்டல் வேண்டும். விதிகள் உறைவது அங்கேதான்.

இனி, அவ்வாறு ஆராய்வார்க்குப் புலப்படுவனவற்றைச் சொல்வோம்.

முதலாவது, எல்லார்க்கும் ஒரே அளவு நேரம் பொருந்தாது. பல்லைப் பார்த்து மருந்து எழுதச் சில நிமிடங்கள் போதும். வேர்ச் சிகிச்சைக்கு நெடுநேரம் வேண்டும், பல நாள் வரவும் வேண்டும். எல்லார்க்கும் கால் மணி எனப் பொறியில் வைத்தால் நண்பகலுக்குள் அந்நாளே குலைந்துவிடும். 1952இல் பெய்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் மருத்துவமனைப் புறநோயாளர் வரிசையை ஆராய்ந்தார். மருத்துவரின் நேரம் சிறிதும் வீணாகாதபடி வகுத்த ஏற்பாடுகள் நோயாளரை அளவுக்கு மீறிக் காக்க வைத்ததை எடுத்துக்காட்டினார். தொடக்க நேரத்திற்கு இருவரையும், பின்னர்ச் சராசரிச் சிகிச்சை நேரத்திற்கு ஒருவர் வீதமும் வரச் சொல்வதே இரு சாரார்க்கும் ஏற்றது என்றார். எழுபது ஆண்டு கடந்தும் இக்கணக்கு பயன்படுகிறது. ஆயின் சராசரி நேரம் தெரிய வேண்டுமெனில், முன்னர்ச் சொன்ன மூன்று நேரங்களையும் குறித்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது, ஏடு ஒன்றே இருத்தல் வேண்டும். அம்மையார் நோட்டில் ஒரு நேரம் கொடுக்கிறார்; மருத்துவரோ தம் கைப்பேசியில் அதே நேரத்தை நண்பர்க்கு வாக்களிக்கிறார். மென்பொருள் வந்தபின்னும் இப்பழக்கம் நீடித்தால் இரண்டு ஏடு மூன்றாகும், அவ்வளவே. எத்தனை சாளரம் இருப்பினும் ஓர் இருக்கையை ஒருவர்க்கே தருவதன்றோ முன்பதிவுப் பொறியின் சிறப்பு? மருத்துவரும் அவ்வோர் ஏட்டிலேயே எழுத இசைவாரா என்பதை முன்னதாகக் கேட்டறிக. அவர் இசையாவிடில் எம்மென்பொருளும் பயன்தராது.

மூன்றாவது, பல்வலி நாள் பார்த்து வருவதில்லை. இரவெல்லாம் துடித்துக் காலையில் வருபவரை, “அடுத்த செவ்வாயன்று வாருங்கள்” என்று அனுப்புவது முறையன்று. இருப்புப்பாதையில் அவசர ஒதுக்கீடு உண்டு. அவ்விடம் நிரம்பாவிடில் பயணப் பட்டியல் வகுக்கும்போது காத்திருப்போர்க்குச் செல்லும். நிலையத்திலும் நாள்தோறும் இரண்டு இடங்களை வலியால் வருவோர்க்கென ஒதுக்கி, குறித்த மணிக்கு மேல் அவற்றைப் பிறர்க்கு விடலாம். அம்மணி எது, விடுபவர் யார் என்பன தேவைப் பட்டியலில் எழுதப்படல் வேண்டும்.

நான்காவது, சொன்ன நேரத்திற்கு வாராதவர் சிக்கல். இருப்புப்பாதையார் ‘ஆர்.ஏ.சி.’ என்னும் ஏற்பாட்டில் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை ஒன்றில் இருவரை அமரச் செய்து, இடம் காலியானால் முழுப் படுக்கை தருகின்றனர். பல் மருத்துவர் நாற்காலியில் இருவரை அமர்த்த இயலாது! ஆயினும் கருத்தைக் கொள்ளலாம். அழைத்தால் பத்து நிமிடத்தில் வரக்கூடிய அக்கம்பக்கத்தார் பட்டியல் ஒன்று இருப்பின், வாராதவர் இடம் வீணாகாது. வைப்பீனிலிருந்து படகேறி வருபவரை அப்பட்டியலில் சேர்த்தல் பொருந்தாது. நெடுநாள் முன்னதாகக் குறித்தலும் கேடு. 2024 நவம்பர் 1 முதல் இருப்புப்பாதை முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. நெடுநாள் முன்னதாகப் பதிந்தோர் பலர் பயணத்தைக் கைவிட்டமையே அதற்குரிய காரணங்களுள் ஒன்று. சிறு நிலையத்துக்கு எத்தனை நாள் என்பதைப் பழைய நோட்டே சொல்லும்.

ஐந்தாவது, ஆளை அடையாளம் காண்டல். மட்டாஞ்சேரியில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது எனப் பல மொழி பேசுவோர் கூடி வாழ்கின்றனர். ஒரே பெயர் பலர்க்கு உண்டு. நம்மவர் பெயருக்கு முன்னே தலைப்பெழுத்து. பிறர்க்குப் பெயருக்குப் பின்னே குடும்பப் பெயர். ஒரு வீட்டார் ஐவர்க்கும் ஒரே கைப்பேசி எண். ஆகவே பெயரையோ கைப்பேசி எண்ணையோ மட்டும் நம்பலாகாது. ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவில் நம் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் வழிவழியாகத் தொழில் செய்து வருவதை அறிவோம். எழுத்தறிவு பரவாத காலத்திலேயே, சலவைத் தொழிலில் இருந்தோர் வீட்டுக்கொரு குறி வகுத்துச் சேங்கொட்டைச் சாற்றால் துணியில் இட்டனர். ஒருவர் துணி மற்றொருவர் வீடு சேராமல் காத்தது அக்குறி. பயணச்சீட்டில் உள்ள பத்து இலக்க எண்ணும் அவ்வகையினதே. நோயாளர் ஒவ்வொருவர்க்கும் மாறாத குறி ஒன்று வேண்டும் என்பதை நம் முன்னோர் துணியில் எழுதி வைத்துச் சென்றனர்.

ஆறாவது, கைப்பேசி கைவராத முதியோர். அவர்கள் நேரில் வந்தோ, தொலைபேசியில் பேசியோ இடம் பெறும் வழி அடைபடலாகாது. இணையத்தில் குறிப்போரே எல்லா இடத்தையும் எடுத்துக்கொள்ளாதபடி ஒரு பகுதி முன்மேசைக்கென நிற்றல் வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் முஸ்லிம் அன்பர்க்கு நேரம் குறிக்கலாகாது என்பதை அம்மையார் அறிவார், பொறி அறியாது. அதனையும் எழுதுக. மின்சாரம் நின்றாலும் வேலை நில்லாதிருக்க, காலையில் அன்றைய பட்டியலைத் தாளில் அச்சிட்டு வைக்க. யாருக்கு என்ன நோய் என்பது பிறர் கண்ணில் படலாகாது. தனிமனிதர் தரவுகளைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டமும் இயற்றியுள்ளது.

இவற்றையெல்லாம் எழுதும் வகையிலும் கருத்து வேண்டும். “பொறி விரைவாக இயங்க வேண்டும்” என்று எழுதினால் அதனைச் சோதிப்பது எங்ஙனம்? “முன்மேசையில் இருப்பவர் நோயாளரின் எண்ணைச் சொன்ன அரை நிமிடத்தில் அவர் அடுத்து வரும் நாளைக் காண இயல வேண்டும்” என்று எழுதுக. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஆம், இல்லை எனச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு தேவையையும் இன்றியமையாதது, பின்னர்ச் செய்யத்தக்கது, வேண்டாதது என மூன்றாகப் பகுத்து, உரிமையாளர், முன்மேசையார் இருவர்க்கும் அவர்தம் மொழியில் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுக.

வேலை முடிந்தபின் பயன் விளைந்ததா என அறியவும் எளிய கணக்கு ஒன்றுண்டு. லிட்டில் என்னும் அறிஞர் 1961இல் நிறுவியது அது: காத்திருப்போரின் சராசரித் தொகையை, ஒரு மணியில் வருவோர் தொகையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு நேரம் கிடைக்கும். விசுப்பலகையில் சராசரி ஆறு பேர், மணிக்கு நால்வர் வருகை எனின், ஒவ்வொருவரும் ஒன்றரை மணி காக்கின்றனர். மென்பொருளுக்கு முன்னும் பின்னும் பலகையில் இருக்கும் தலைகளை எண்ணுங்கள். அவ்வெண் குறையவில்லையேல் கைப்பேசித் திரையின் அழகால் பயனொன்றுமில்லை.

அந்த ஒன்றரை மணி யாருடையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாட்கூலி பெறுவார்க்கு அது அரைநாட் கூலி. கைக்குழந்தையோடு வந்த தாய்க்கு அது பசித்தழும் பிள்ளை. காத்திருத்தல் எளியோர் தலையிலேயே மிகுதியாக விழுகிறது. செல்வாக்குடையார் பின்வாசல் வழியே நுழைந்துவிடுவர். நல்ல முறை அப்பின்வாசலை அடைக்கும். வகுக்காத முறையைப் பொறியில் ஏற்றினால், பழைய அநீதியே புதிய வேகத்தில் நடைபெறும்.

இறுதியாக, முன்மேசை அம்மையாரைப் பற்றி ஒரு சொல். பொறி வருகிறது என்றவுடன் அவர் நெஞ்சில் எழும் முதல் அச்சம் தம் வேலையைப் பற்றியதே. அவர் ஒத்துழையாவிடில் இளைஞர்க்கு உண்மை கிடையாது. வேலை போய்விடுமோ என அஞ்சுபவர் ஒத்துழைப்பது எங்ஙனம்? ஆதலின் அவர்க்கு இனி என்ன பணி என்பதை உரிமையாளர் முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லுதல் கடமை. நாள், மணி, எண் ஆகியவற்றைப் பொறி பார்த்துக்கொள்ளும். வலியால் வந்தவர் முகத்தைப் பார்த்து, “ஐயா, இவரை முன்னே விடலாமா?” என்று வரிசையில் இருப்போரைக் கேட்பது மனிதர்க்கே உரியது. உறவும் முறை என்றோமே, அது இதுதான். அவ்வாறு கேட்டு மாற்றுவதற்கு மென்பொருளில் இடம் இருக்க வேண்டும். மாற்றியவர் யார், ஏன் என்னும் குறிப்பும் நிற்க வேண்டும்.

பிழைப்பை நாடி வந்த இவ்வூரில் நாமும் பலர் வரிசைகளில் நின்று வளர்ந்தவரே. நம் பிள்ளைகள் இன்று பிறர்க்கு வரிசை வகுக்கும் நிலைக்கு உயர்ந்துள்ளனர். அன்பு இளைஞர்களே, திரையின் முன் அமர்வதற்கு முன்னர் ஒரு கிழமை அந்த விசுப்பலகையில் அமருங்கள். நோட்டும் பென்சிலும் போதும். அங்கே கற்பதை எழுதுங்கள். எழுதியதைப் பொறிக்குக் கொடுங்கள்.