ஒரு வியாபாரம், இரண்டு கோர்ட்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரை)

 

நந்தனத்தில் படித்துவிட்டுப் பக்கத்திலேயே சைதாப்பேட்டை கோர்ட்டில் கறுப்பு அங்கி போட்டவன் நான். இங்கே பலர் தொழில் செய்கிறீர்கள். பில்லின் அடியில் பொடி எழுத்தில் “வழக்கு இன்ன ஊர் கோர்ட்டுக்கு உட்பட்டது” என்று ஒரு வரி இருக்குமே, அதை யாராவது படிக்கிறோமா?

1974-ல் சேலம் ஏ.பி. ஏஜென்சீஸ், குஜராத்தைச் சேர்ந்த ஏ.பி.சி. லாமினார்ட் கம்பெனியிடம் ஜரிகை நூலுக்கு ஆர்டர் கொடுத்தது. தகராறு வந்தது. 1975-ல் சேலம் சப்கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்கு. “ஒப்பந்தத்தில் கைரா என்றுதானே இருக்கிறது, சேலத்தில் எப்படிப் போடலாம்?” என்றார் பிரதிவாதி. சப்கோர்ட் அதை ஏற்றது, ஹைகோர்ட் மாற்றியது. 1989-ல் சுப்ரீம் கோர்ட், “கைராவில் மட்டும் என்று எழுதவில்லையே, சேலத்துக்கும் அதிகாரம் உண்டு” என்றது. எந்த ஊர் கோர்ட் என்று தீரவே 14 வருஷம் போயிற்று, பாருங்க!

ஒரு வழக்குக்கே இந்தக் கதி. ஆளுக்கொரு ஊரில் வழக்குப் போட்டால்?

1992, 93-ல் ஆந்திராவின் சிட்டிவலசா சணல் ஆலை, மத்தியப் பிரதேசத்தின் ஜேபீ ரேவா சிமெண்ட் நிறுவனத்துக்குச் சாக்குப்பை சப்ளை செய்தது. ஆலை, பாக்கியைக் கேட்டு ஆந்திராவில் வழக்குப் போட்டது. சிமெண்ட் நிறுவனம், சரக்கில் குறை என்று ரேவாவில் போட்டது. அங்கே வழக்கு, இங்கே எதிர்வாதம். சாட்சியும் கணக்கும் ஒன்றே. இரண்டு கோர்ட் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொன்னால் எதை நிறைவேற்றுவது? 2004-ல் சுப்ரீம் கோர்ட், ரேவா வழக்கை ஆந்திராவுக்கு மாற்றி, ஒன்றாக விசாரிக்கச் செய்தது.

மாணவர்களுக்காகச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சிவில் நடைமுறைச் சட்டம் 10-ஆம் பிரிவுப்படி, அதே தரப்பினர், அதே பிரச்சினை என்றால் பின்னால் போட்ட வழக்கின் விசாரணை நிற்க வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் வழக்கை மாற்ற 24-ஆம் பிரிவில் ஹைகோர்ட்டுக்கும் மாவட்டக் கோர்ட்டுக்கும் அதிகாரம் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் என்றால் 25-ஆம் பிரிவு. சுப்ரீம் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். டெல்லி போய்வரச் சிறு வியாபாரிக்கு ஏது வசதி?

ஆகவே நண்பர்களே, கையெழுத்துக்கு முன் அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘மட்டும்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். எதிராளி முதலில் வழக்குப் போட்டுவிட்டால், ரோஷத்தில் நம்ம ஊரில் இன்னொன்று போடாதீர்கள். அதே கோர்ட்டில் எதிர்க்கோரிக்கை வைக்க முடியுமா என்று வக்கீலைக் கேளுங்கள். கடை நடத்த வேண்டிய வருஷங்களைக் கோர்ட் வராண்டாவில் கழிக்க வேண்டாம்.