திரைக்குப் பின்னால் நின்றவர்கள்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற நாடகக் குழுவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பொன்விழா மலருக்காகப் பழைய நிழற்படங்களைத் தேடி எடுத்திருக்கிறார்கள். நம் பாஸ்கா நாடகப் படங்களும் அவற்றுள் இருக்கின்றன. இயேசுவாக நின்றவர் யார், மாதாவாக அழுதவர் யார், பிலாத்தாகக் கை கழுவியவர் யார் என்று உடனே சொல்லிவிடுகிறோம். யூதாஸாக நடித்தவரையோ, பாவம், அவர் பேரன் பேத்தி எடுத்த பின்பும் ஊரார் யூதாஸ் என்றே அழைக்கிறார்கள்! ஆனால் அந்தச் சிலுவையை நிமிர்த்தியவர்கள் யார், அந்த உடைகளைத் தைத்தவர் யார் என்று கேட்டால் விழிக்கிறோம். படத்தில் அவர்கள் இல்லை. அவர்கள் திரைக்குப் பின்னால் நின்றார்கள். இருபது ஆண்டுகள் அவர்களோடு நின்றவன் என்ற உரிமையில் இன்று சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறேன்.

நற்செய்தியைச் சற்று எண்ணிப் பாருங்கள். இறுதி இராவுணவுக்கு இடம் தேடச் சீடரை அனுப்பும்போது, தண்ணீர்க் குடம் சுமந்து வரும் ஒருவன் உங்களைச் சந்திப்பான், அவன் பின்னே செல்லுங்கள் என்றார் ஆண்டவர். அவனைப் பின்தொடர்ந்து போனால் ஒரு வீடு; அங்கே மேல்மாடியில் எல்லாம் அமைந்த பெரிய அறை. குடம் சுமந்தவன் பெயரை மாற்கும் எழுதவில்லை, லூக்காவும் எழுதவில்லை. அறையைக் கூட்டிப் பெருக்கியது யாரென்றும் தெரியாது. ஆயினும் நற்கருணை ஏற்படுத்தப்பட்டது அந்த அறையிலேதான். திரைக்குப் பின்னால் பணி செய்வோருக்கு அந்தக் குடம் சுமந்தவனே முன்னோடி என்று நான் சொல்லுவேன்.

ஒரு நாடகத்துக்கு எத்தனை கைகள் வேண்டும்! திரை இழுப்பவர், படுதா மாற்றுபவர், ஒப்பனை செய்பவர், உடைப்பெட்டியைக் காப்பவர், மறைவிலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவர், விளக்கும் ஒலிபெருக்கியும் கவனிப்பவர்கள் எனப் பட்டியல் நீளும். பொருள்களுக்குப் பொறுப்பானவரின் வேலை எளிதென்று எண்ணாதீர்கள். பாதம் கழுவும் காட்சிக்குத் தாம்பாளமும் துண்டும், யூதாஸுக்கு முப்பது காசு கொண்ட பை, பிலாத்துக்குச் செம்பும் நீரும், முள்முடி, செந்நிறப் போர்வை ஆகியவை காட்சி வரிசைப்படி மேசைமேல் இருக்க வேண்டும். காசுப்பை ஒன்று தவறினால் யூதாஸ் எதற்காகக் காட்டிக் கொடுத்தான் என்பதே விளங்காமல் போகும்! ஓராண்டு எங்கள் சேவல்காரர் அவசரப்பட்டுவிட்டார். பேதுரு ஒருமுறைகூட மறுதலிக்கவில்லை. அதற்குள் சேவல் கூவிவிட்டது. பேதுரு திகைத்து நின்றார், மக்கள் சிரித்தார்கள். அந்த உருக்கமான காட்சி அன்று மீளவே இல்லை.

நாடகம் முடிந்தபின்னும் இவர்கள் வேலை முடிவதில்லை. நடித்தவர்கள் தேங்காய் எண்ணெய் தேய்த்து முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டு வீடு போவார்கள். வேர்வை நனைந்த உடைகளை அலசி உலர்த்தி, அந்துருண்டை போட்டுப் பெட்டியில் அடுக்கும் தாய்மார்கள் வேலை அதன் பிறகுதான் தொடங்கும்.

நம் தமிழ் நாடக உலகம் இதன் பெருமையை அறிந்திருந்தது. நவாப் இராசமாணிக்கம் அவர்கள் தம் தேவி பால விநோத சங்கீத சபையின் மூலம் பக்தி நாடகங்களோடு 'ஏசுநாதர்' நாடகத்தையும் நடத்தினார். அவருடைய காட்சியமைப்பைக் கண்டு மக்கள் வியந்தார்கள் என்றால், அந்த வியப்பை உண்டாக்கியவர்கள் மேடையில் தோன்றாத தொழிலாளர்கள். கடலுக்கு அப்பால், இலங்கையின் மன்னார்த் தீவிலுள்ள பேசாலையில் 'உடக்குப் பாஸ்' என்ற மரபு உண்டு. அங்கே திருப்பாடுகளைக் காட்டுவன உருவங்கள். அவற்றை அசைப்பவர்கள் மறைவில் இருக்கிறார்கள். காண்போர் கண்ணீர் விடுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கைகளின் உழைப்பைக் கண்டுதான்.

ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் ஓபராமர்காவ் என்ற மலைச்சிற்றூர் இருக்கிறது. 1633-ஆம் ஆண்டு கொள்ளைநோயால் வருந்திய அவ்வூரார், ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடத்துவதாக நேர்ச்சை செய்து, 1634-இல் முதன்முறை நடத்தினார்கள். இன்றும் பத்தாண்டுக்கு ஒருமுறை அது நடந்து வருகிறது. 2020-இல் நடக்க வேண்டியதைக் கொரோனா நோய் தடுத்தபோது, 2022-இல் நடத்தி நேர்ச்சையை நிறைவேற்றினார்கள். நடிப்பவர், பாடுபவர், இசைப்பவர், பின்னணிப் பணியாளர் என ஏறக்குறைய 2,000 பேர் பங்கேற்கிறார்கள். ஊரோ ஐயாயிரம் பேர் வாழும் ஊர். நேர்ச்சை ஊர் முழுவதற்கும் உரியது. ஆணி அடிப்பவனும் அதை நிறைவேற்றுகிறான் என்பது அவர்கள் எண்ணம்.

அன்பர்களே, இந்த ஆணி அடிக்கும் வேலையைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச வேண்டும்.

சிலுவையில் தொங்குவது நமக்கு நடிப்பு. உடலுக்கு அது நடிப்பு அன்று. விரித்துக் கட்டிய கைகளில் உடற்பாரம் இறங்கினால் மூச்சு விடுவது கடினமாகும். அசையாமல் நிமிர்ந்து தொங்கினால் கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும். ஆகவே பாரம் முழுவதையும் பாதங்கள் தாங்கும்படி மிதிகட்டை உறுதியாக இருக்க வேண்டும். சிலுவையின் அடிமரம் இறங்கும் குழி ஆழமாக இருந்து, நான்கு புறமும் ஆப்பு இறுக வேண்டும். நிமிர்த்தும்போது பின்கயிறு பிடிப்பவர் ஒருவர் குரலுக்கே கட்டுப்பட வேண்டும். மணிக்கட்டில் போடும் துணிக்கட்டு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் ஒருவர் உயிருக்கு ஆபத்து.

1980-களில் ஓர் ஆண்டு. மிதிகட்டையின் போல்ட்டுகளை முடுக்கிப் பார்ப்பது என் பொறுப்பு. அன்று மாலை படைத்தலைவன் வேடம் போட வேண்டியவர் வரவில்லை என்று ஒப்பனை அறையில் பேச்சு அடிபட்டது. அந்த வேடம் எனக்குக் கிடைக்குமோ என்ற ஆசையில் நான் அங்கேயே காத்து நின்றேன். அவர் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தார். மணி அடித்துவிட்டது. நான் மிதிகட்டையைப் பார்க்கவே இல்லை.

சிலுவை நிமிர்ந்து சற்று நேரத்தில் மிதிகட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. தொங்கியவர் கால் வழுக்கியது. உடற்பாரம் கைகளில் இறங்கியது. அக்காலத்தில் இடுப்பு வார் கட்டும் வழக்கம் இல்லை. திரைமறைவிலிருந்து நான் பார்க்கிறேன். என் கை கால் ஓடவில்லை. சிலுவையடியில் காவலர் உடையில் எங்கள் குழுவைச் சேர்ந்த கொத்துவேலைப் பெரியவர் நின்றார். வசனம் இல்லாத வேடம். உண்மையில் அவர் சிலுவையைக் கவனிக்க நிறுத்தப்பட்டவர். அவர் ஈட்டியைக் கீழே போட்டார். சிலுவையைக் கட்டிக்கொண்டு, வழுக்கிய பாதங்களுக்கு அடியில் தம் தோளைக் கொடுத்தார். திரை விழும்வரை அசையவில்லை.

மக்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? காவலன் மனந்திரும்பிச் சிலுவையைத் தழுவுகிறான் என்று நினைத்து விம்மி அழுதார்கள்! இப்படி உருக்கமான காட்சியை நாங்கள் கண்டதே இல்லை என்று மறுநாள் ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பெரியவரோ கன்றிப்போன தோளோடு செங்கல் சுமக்கப் போய்விட்டார். என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "தம்பி, அடுத்த வருசம் ஆணியைப் பாரு." வேறு யாரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அன்று சிலுவையில் தொங்கிய அண்ணன் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அண்ணே, மரம் பழசு என்று அன்று எல்லாரும் சொன்னார்கள். மரத்தில் குறையில்லை, குறை என்னிடம்தான். இத்தனை காலம் கழித்துக் கேட்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

தம்பிமார்களே, தங்கைமார்களே, இதை ஏன் சொல்கிறேன்? இன்று விளக்கும் ஒலியும் வாடகைக்குக் கிடைக்கின்றன. பணம் கொடுத்தால் ஆளே வந்து மாட்டிக் கொடுக்கிறார். ஆனால் தொங்குபவனுக்குத் தோள் கொடுக்கும் மனம் வாடகைக்குக் கிடைக்காது. நடிக்க வாருங்கள் என்றால் முப்பது பேர் வருகிறீர்கள். கயிறு பிடிக்க வாருங்கள் என்றால் மூவர் வருகிறீர்கள். அந்த மூவருக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவர்களோடு இந்தக் கைப்பழக்கமும் போய்விடலாமா?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, சிலுவையின் அளவு, குழியின் ஆழம், கயிறு கட்டும் முறை, பொருள் வரிசை எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பங்கு அலுவலகத்தில் வையுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெரியவரும் ஓர் இளைஞரும் சேர்ந்து நிற்கட்டும். பார்த்துப் பழகுவதே பள்ளிக்கூடம். மூன்றாவது, சிலுவையைச் சோதிப்பவர் 'சரி' என்று சொல்லாமல் திரை விலகக் கூடாது. முன்வரிசையில் ஆயரே வந்து அமர்ந்திருந்தாலும் அவர் காத்திருக்கட்டும். தவறாக எண்ண மாட்டார்.

விழாக்குழுவினருக்கும் ஒரு விண்ணப்பம். இம்மலரில் நடிகர் பட்டியலோடு திரை இழுத்தவர், உடை துவைத்தவர், காப்பி போட்டுக் கொடுத்தவர் பெயர்களையும் அச்சிடுங்கள். அந்தக் கொத்துவேலைப் பெரியவர் பெயரை முதலில் போடுங்கள். அவர் இதைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பார். மறைவில் செய்வதைக் காணும் தந்தை ஒருவர் இருக்கிறார் என்று ஆண்டவர் சொன்னதை நம்பி வாழ்ந்தவர் அவர். ஆனாலும் நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள அந்தப் பெயர் வேண்டும்.

வரும் தவக்காலத்தில் மீண்டும் நம் பாஸ்கா மேடையேறப் போகிறது. கயிறு பிடிக்க இசைபவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். அதுவே இந்தப் பொன்விழாவுக்கு நீங்கள் தரும் நல்ல காணிக்கை.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!